வயிறு நிரம்பினால் போதுமா?

(தோட்ட மாதர் சங்கக் கூட்டம் ஒன்றில் சுகாதார ஊழியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உங்களை அதிக நேரம் மறித்து வைக்க மாட்டேன். போய் அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த அடுப்பைப் பற்றியும், அடுப்பு மூட்டாமலே சாப்பிடும் சாப்பாட்டைப் பற்றியும்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னர், பிள்ளைகளுக்கு எடை நிறுக்கும் நாளன்று ஒரு தாய் மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளையின் கார்டில் எடைக் கோடு பல மாதமாக மேலே ஏறவில்லை. பிள்ளையின் கையில் ஒரு சின்னப் பாக்கெட். வாயைச் சுற்றி மஞ்சள் தூள். "பிள்ளைக்கு என்னம்மா குடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"சோறு வச்சா மூஞ்சத் திருப்பிக்கிறான் மிஸ். இந்தப் பாக்கெட்டு மட்டுந்தான் எறங்குது. பசியோட கெடக்கிறதுக்கு இதையாவது திங்கட்டுமேன்னு வாங்கிக் குடுக்கிறேன்" என்றார்.

அந்தத் தாயை நான் ஏசவில்லை. இருட்டோடு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பெரட்டுக்கு ஓடி, பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து வீட்டுக்கு வரும் ஒரு பெண்ணை ஏசுவதற்கு யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தை என் மனதை விட்டுப் போகவில்லை. பிள்ளைக்குச் சோறு பிடிக்காததால் பாக்கெட் கொடுக்கிறோமா, பாக்கெட் கொடுப்பதால் சோறு பிடிக்காமல் போகிறதா? இதைத்தான் நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

எதை இந்தச் சாப்பாடு என்கிறோம்?

பிரேசில் நாட்டில் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்தேரோ என்ற பேராசிரியர் 2009ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். சாப்பாட்டில் சீனி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பது மட்டும் போதாது, அந்தச் சாப்பாடு எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். அதன்படி உணவை நான்கு வகையாகப் பிரித்தார்கள்.

முதலாவது, இயற்கையாகக் கிடைப்பது: அரிசி, பருப்பு, கீரை, முட்டை, மீன், பழம், பால். இரண்டாவது, சமைக்கச் சேர்ப்பது: எண்ணெய், உப்பு, சீனி. மூன்றாவது, கெட்டுப் போகாமல் இருக்கப் பக்குவப்படுத்தியது: கருவாடு, டின் மீன், ஊறுகாய் போன்றவை. நான்காவதுதான் இன்றைய பேச்சு. இதை 'மிகையாகப் பதப்படுத்திய உணவு' என்கிறார்கள்.

பக்டரியில் செய்தது எல்லாம் கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். பக்டரி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் எடுக்கும் கொழுந்து பக்டரிக்குத்தான் போகிறது. வாட்டுகிறார்கள், அரைக்கிறார்கள், புளிக்க வைக்கிறார்கள், காய வைக்கிறார்கள், சலிக்கிறார்கள். கடைசியில் வெளியே வரும் தூளும் அதே இலைதான். வேறொன்றும் அதில் கலக்கவில்லை. ஆனால் டவுனில் போத்தலில் அடைத்து விற்கும் 'தேயிலைப் பானம்' ஒன்றை எடுத்து, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். தண்ணீர், சீனி, புளிப்புக்கு ஒரு அமிலம், வாசனைக்கு எசன்ஸ், கெடாமல் இருக்க ஒரு மருந்து. தேயிலை கடைசியில் எங்காவது கொஞ்சம் இருக்கும். முதலாவது, பதப்படுத்திய இலை. இரண்டாவது, இலையின் பெயரைச் சொல்லி விற்கும் சீனித் தண்ணீர். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே அடையாளம் இதுதான்: நம் குசினியில் இல்லாத, பெயர்கூட வாயில் நுழையாத பொருட்கள் அந்தப் பட்டியலில் வரிசையாக இருந்தால் அது நான்காவது வகை. கலர் சோடா, கிரீம் பிஸ்கட், மசாலாத் தூளோடு வரும் நூடில்ஸ், பாக்கெட்டில் வரும் பொரியல் தீனி, டொபி, சொசேஜஸ், டின்னில் வரும் இனிப்பு மோல்ட் மா எல்லாம் இதில் சேரும்.

இதில் ஒன்று சொல்லிவிட வேண்டும். 1973ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் கொடுக்கப்பட்டு வரும் திரிபோஷாவும் பக்டரியில் செய்து பாக்கெட்டில் வருவதுதான். ஆனால் அது சோளமும் சோயாவும் சேர்த்து, சத்துக் குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் என்றே செய்தது. பாக்கெட் என்று அதை ஒதுக்க வேண்டாம். அதை வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிடாமல், யாருக்குக் கிடைத்ததோ அவருக்கே கொடுங்கள். சோயா மீட்டும் அப்படித்தான். அதில் புரதம் இருக்கிறது, கறியாக்கிச் சாப்பிடலாம். கூடவே வரும் மசாலாப் பொட்டலத்தில்தான் உப்பு. அதை வைத்துவிட்டு வீட்டுத் தூளைப் போட்டுச் சமையுங்கள்.

ஏன் கை நிற்பதில்லை?

"ஒரு பாக்கெட் உடைச்சா முடியிற வரைக்கும் கை நிக்காது மிஸ்" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். அது அவருடைய குற்றம் இல்லை. அந்தச் சாப்பாட்டைச் செய்திருக்கும் விதம் அப்படி.

அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். 20 பேரை ஒரே இடத்தில் தங்க வைத்து, இரண்டு வாரம் இந்தப் பக்டரிச் சாப்பாடும், இரண்டு வாரம் இயற்கைப் பொருளில் சமைத்த சாப்பாடும் கொடுத்தார்கள். முன்னால் வைத்த இரண்டு வகைச் சாப்பாட்டிலும் சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. "வேண்டிய அளவு சாப்பிடுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். பக்டரிச் சாப்பாடு சாப்பிட்ட நாட்களில் அவர்கள் தங்களுக்கே தெரியாமல் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நம் கணக்கில் இரண்டு பெரிய தேங்காய் ரொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தது.

காரணம் என்ன? இந்தச் சாப்பாடு மிருதுவாக இருக்கும். மெல்ல வேலை இல்லை, சீக்கிரம் இறங்கிவிடும். வயிறு நிரம்பியது என்ற செய்தி மூளைக்குப் போக நேரம் எடுக்கும். செய்தி போவதற்குள் பாக்கெட் முடிந்துவிடும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் பெரியவர்கள் சொன்னதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள்.

பெரிய ஆளுக்கே இப்படி என்றால் சின்ன வயிற்றுக்கு என்ன ஆகும்? பத்து மணிக்கு ஒரு பாக்கெட் சாப்பிட்ட பிள்ளைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பசி இருக்காது. உப்பும் சீனியும் வாசனையும் கடுமையாகப் பழகிய நாக்குக்குப் பருப்புச் சோறு சப்பென்றுதான் இருக்கும். அதனால்தான் அந்தப் பிள்ளை மூஞ்சைத் திருப்பியது.

நமக்கு ஏன் இரட்டிப்புக் கேடு?

இங்கே இருக்கும் வயதான தாய்மாருக்கு 1973, 1974ஆம் ஆண்டுகள் ஞாபகம் இருக்கும். அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினி வந்தது. கண்ட கீரையையும் அவித்துத் தின்று உயிர் பிழைத்தவர்கள் நம் ஆட்கள். பிழைக்காதவர்களும் உண்டு. அன்றைய பசி ஒட்டிய வயிற்றைப் பார்த்தாலே தெரியும். இன்றைய பசி அப்படித் தெரிவதில்லை. வயிறு நிரம்பியிருக்கிறது, பிள்ளை விளையாடுகிறது, ஆனால் உடம்புக்குள் சத்து இல்லை.

2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடந்த குடிசன சுகாதார அளவீட்டில், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று தெரிந்தது. தோட்டப் பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தால் 100க்கு 32 பேர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகளும் நம் பக்கத்தில்தான் அதிகம்.

"பொறக்கும்போது சின்னதா இருந்தா என்ன, பெறகு தேறிக்கும்" என்று சொல்வார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாகாணத்தில் 1911ஆம் ஆண்டு முதல் மருத்துவிச்சிகள் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு நிறையையும், ஒரு வயதில் உள்ள நிறையையும் கொப்பியில் எழுதி வைத்தார்கள். பல வருடம் கழித்து டேவிட் பார்க்கர் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் அந்தக் கொப்பிகளைத் தேடி எடுத்து, அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். நிறை குறைந்து பிறந்தவர்களுக்கு வயதான காலத்தில் இருதய நோயும் சீனி வியாதியும் அதிகமாக வந்திருந்தன. இது 1989, 1991ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. வயிற்றில் இருக்கும்போதே பற்றாக்குறைக்குப் பழகிய உடம்பு, பின்னால் சீனியும் கொழுப்பும் அளவுக்கு மீறி வரும்போது தாங்காது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

இப்போது நம் நிலைமையைப் பாருங்கள். பற்றாக்குறையோடு பிறக்கும் பிள்ளைகள் நம்மிடம் அதிகம். அதே பிள்ளைகளுக்குத்தான் மூன்று வயதிலிருந்து சீனியும் உப்பும் எண்ணெயும் பாக்கெட் பாக்கெட்டாகப் போகிறது. சின்ன வயதில் வளர்த்தி இல்லை, நாற்பது வயதில் சீனி வியாதி, பிரஷர். ஒரே ஆளுக்கு இரண்டு கஷ்டமும் வரும். டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் கிளினிக் நாளன்று வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். அரை நாள் கிளினிக்குக்குப் போனால் அந்த நாள் பேர் இல்லை. அதுவும் நம் குடும்பத்துக்கு நட்டம்.

உலகத்தில் மற்ற இடங்களிலும் இதைத்தான் கண்டிருக்கிறார்கள். 2025 நவம்பரில் 'லான்செட்' என்ற மருத்துவ சஞ்சிகையில் 43 நிபுணர்கள் சேர்ந்து எழுதினார்கள். நீண்ட காலம் நடந்த 104 ஆய்வுகளைப் பார்த்ததில், 92 ஆய்வுகளில் இந்தச் சாப்பாடு கூடினால் ஏதாவது ஒரு நாட்பட்ட நோய் வரும் ஆபத்தும் கூடியிருந்தது. உடற்பருமன், சீனி வியாதி, பிரஷர், இருதய நோய் என்று பட்டியல் நீளுகிறது.

இரத்தக் குறைவையும் மறக்கக் கூடாது

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. மலையில் இருந்து களைத்து வந்து நான்கு பிஸ்கட்டும் ஒரு கோப்பை சீனித் தேத்தண்ணியும் குடித்தால் களைப்பு ஆறியது போல இருக்கும். இராச் சாப்பாடு குறைந்துபோகும். பிஸ்கட்டில் நமக்கு வேண்டிய அளவு இரும்புச் சத்து கிடையாது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தும் உடம்பில் சரியாகச் சேராது. தேத்தண்ணி குடிக்க வேண்டாம் என்று தேயிலைத் தோட்டத்தில் வந்து நான் சொல்வேனா? சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னாலோ பின்னாலோ குடியுங்கள். இரத்தம் குறைந்த தாய்க்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கும் ஆபத்து அதிகம். அந்தச் சங்கிலி அங்கேதான் தொடங்குகிறது.

காசுக் கணக்கு

"மிஸ், முட்டை, மீன் எல்லாம் வாங்க எங்ககிட்ட எங்க காசு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022ஆம் ஆண்டில் மாவும் அரிசியும் விலை ஏறியபோது எத்தனை வீட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாவுக்குப் பாக்கெட் தீனி என்று வைத்தால் மாதத்துக்கு 3,000 ரூபா. இரண்டு பிள்ளை என்றால் 6,000 ரூபா. லயத்துக் கடையில் கொப்பியில் எழுதிவிட்டு வாங்குவதால் நமக்கு அது தெரிவதில்லை. பத்தாம் திகதி சம்பளத்தில் கழியும்போதுதான் தெரிகிறது. கடைக் கொப்பியை ஒரு மாதம் வாங்கிப் பாருங்கள். அரிசி, பருப்புக்கு எவ்வளவு, பாக்கெட்டுக்கு எவ்வளவு என்று மூத்த பிள்ளையைக் கூட்டச் சொல்லுங்கள். அந்தப் பாக்கெட் காசில் பாதியை முட்டைக்கும் நெத்தலிக்கும் கடலைக்கும் திருப்பினாலே போதும்.

நாம் செய்யக் கூடியவை

எல்லாவற்றையும் இன்றைக்கே விடுங்கள் என்று சொன்னால் யாராலும் முடியாது. முடிந்த சில காரியங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பிள்ளைக்குப் பாக்கெட் கொடுக்காதீர்கள். பசி வரட்டும். பசித்த பிள்ளை சாப்பிடும். ஒரு வாரம் அழும், பிறகு பழகிவிடும். தினமும் வாங்குவதைக் கிழமைக்கு ஒரு நாளாகக் குறையுங்கள்.

இரண்டு. இடைநேரத்துக்கு அவித்த கடலை, கௌப்பி, வத்தாளைக் கிழங்கு, மரவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம், கொய்யா, மரத்தக்காளி கொடுங்கள். பாடசாலைக்கு நூடில்ஸுக்குப் பதிலாக ரொட்டியும் சம்பலும் ஒரு முட்டையும் கட்டிக் கொடுங்கள். ரொட்டி மாவில் கொஞ்சம் குரக்கன் மா, துருவிய கரட், நறுக்கிய கீரை சேர்த்தால் அந்த ரொட்டியே நல்ல சாப்பாடு.

மூன்று. நிறத்தைப் பாருங்கள். 2016 ஆகஸ்ட் முதலாம் திகதி முதல் நம் நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனிக்கு நிற அடையாளம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 100 மில்லி லீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 250 மில்லி லீட்டர் போத்தல் ஒன்று சிவப்பாக இருந்தால் அதில் ஐந்து, ஆறு தேக்கரண்டி சீனி இருக்கிறது என்று அர்த்தம். பாக்கெட் உணவுகளுக்கும் பின்னர் சீனி, உப்பு, கொழுப்பு என்று மூன்று நிற அடையாளம் வந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் சிவப்புத் தெரியும். சிவப்பு என்றால் திருப்பி வைத்துவிடுங்கள். மஞ்சள் என்றால் நல்லது என்று அர்த்தம் இல்லை, சிவப்பை விடக் குறைவு, அவ்வளவுதான்.

நான்கு. நூடில்ஸ் சமைத்தே ஆக வேண்டும் என்றால் தூளைப் பாதி போடுங்கள். ஒரு பாக்கெட்டில் 2 முதல் 4 கிராம் வரை உப்பு இருப்பது சாதாரணம். பெரிய ஆள் ஒருவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கோவா, லீக்ஸ், முட்டை சேர்த்து, ஒரு பாக்கெட்டை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள்.

ஐந்து. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகும்போது சோடாவும் கிரீம் பிஸ்கட்டும் மோல்ட் டின்னும் கொண்டுபோகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சீனி வியாதிக்காரருக்கே சோடா கொண்டுபோவதை நான் கண்டிருக்கிறேன். அன்பில்தான் செய்கிறோம். அந்த அன்பை ஒரு சீப்பு வாழைப்பழத்திலும் காட்டலாம். சீனி வியாதி என்றால் இரண்டு முட்டையாகக் கொண்டுபோங்கள். சம்பள நாளில் பிள்ளைக்கு ஏதாவது வாங்கி வரும் அப்பாமாரும் இதை யோசியுங்கள்.

ஆறு. இது பெண்களின் வேலை மட்டும் இல்லை. நான்கரைக்கு வீட்டுக்கு வரும் ஆம்பிளைகள் ஐந்தரைக்கு வரும் மனைவிக்காகக் காத்திருக்காமல் கடலையை ஊறப் போடலாம், கிழங்கை அவிக்கலாம். லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி நிலம் இருந்தால் கீரையும் போஞ்சியும் போடலாம். பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று தாய்மார் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். பகலைக்குச் சமைத்த சாப்பாடு வேண்டும், பிஸ்கட் போதாது என்று தோட்ட நிர்வாகத்திடம் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளையின் வயிற்றைக் காக்கும் பொறுப்பைத் தாயின் தலையில் மட்டும் போட முடியாது.

கடைசியாக, தொடக்கத்தில் சொன்ன அந்தப் பிள்ளையின் கதையை முடித்துவிடுகிறேன். தாய் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் பேசியிருக்கிறார். பகலில் பிள்ளையைப் பார்ப்பது பாட்டிதான். பாக்கெட்டை நிறுத்திய முதல் நான்கு நாள் வீட்டில் ஒரே அழுகை. "பாட்டியே மனசு கேக்காம ரெண்டு தடவ கடைக்குப் போயிட்டு வாசல்ல இருந்து திரும்பி வந்திருச்சு மிஸ்" என்று தாய் சிரித்துக்கொண்டே சொன்னார். ஐந்தாம் நாள் பிள்ளை பருப்புச் சோறு கேட்டுச் சாப்பிட்டிருக்கிறான். இப்போது கார்டில் கோடு மேலே திரும்பியிருக்கிறது. மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க இன்னும் நாள் எடுக்கும். ஆனாலும் திரும்பிவிட்டது.

நம் பாட்டன், பூட்டன் காட்டை வெட்டி இந்த மலையைத் தேயிலை ஆக்கினார்கள். அவர்களுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்காவது அது கிடைக்க வேண்டும். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். நாளைக்குப் பிள்ளைக்குக் கொடுக்க ஒரு பிடி கடலையை ஊறப் போட்டுவிட்டுப் படுங்கள். மற்றதை அடுத்த எடை நிறுக்கும் நாளில் பேசுவோம்.